பிறைவாசி

நான் குடியிருப்பது பிறையில்.
சிரிக்காதீர்கள்,
பினாங்குப் பாலத்தின் இந்தக் கரையில் இருக்கும் ஊரை
நம் ஆட்கள் எழுதுவது அப்படித்தான்.
வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை.
சீனி ஆலை உண்டு, சரக்கு ரயில் உண்டு,
மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு கதவு உண்டு.
பிறையில் இருந்துகொண்டு
வெள்ளிக்கு வேலை செய்கிறேன்.

மாலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பேருந்து
எங்களை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டும்.
பாதிப் பேர் தூங்குவார்கள். நான் படிப்பேன்.
சௌராஸ்தா சந்தை மாடியில் நாலு வெள்ளிக்கு வாங்கியது,
அட்டை போன, தாள் பழுத்த,
மொழிபெயர்ப்பு விஞ்ஞானக் கதைகள்.
முன்பு வைத்திருந்த யாரோ
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
‘நம்பமுடியாது.’
சரியாக நான் நம்பிய இடங்களில்.

எந்தக் கதையைப் புரட்டினாலும் ஒரு கப்பல் கிளம்புகிறது.
எப்படியோ ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான்.
மனிதன் செய்த இயந்திரம்
ஒருநாள் ஏன் என்று கேட்டுவிடுகிறது.
வேற்றுக்கிரகத்தார் இறங்க எப்போதும் ஒரு தலைநகரம் வேண்டும்;
புக்கிட் மெர்தாஜாம் பேருந்து நிலையத்தில் இறங்கி
நாசி கண்டார் வரிசையில் நின்றதாக
ஒருவரும் எழுதவில்லை.
விண்வெளி உடைக்குள் யாருக்கும்
சிறுநீர் முட்டுவதேயில்லை.

நான் நம்பாத ஒரே இடம் அது.

பாயான் லெப்பாஸில் நாங்கள் போடுவதும் அந்த உடைதான்.
தலைமூடி, முகமூடி, கையுறைக்கு மேல் கையுறை,
கண் மட்டும் வெளியே.
கழற்றி மாட்டப் பத்து நிமிடம், இடைவேளை பதினைந்து.
ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை.
காற்றுக் குளியலில் கை தூக்கிச் சுழன்று
மஞ்சள் வெளிச்சத்துக்குள் நுழைந்துவிட்டால்
நோர்ஹயாத்தி யார், நேபாளத்து பிம்லா யார்,
நடையை வைத்துத்தான் அடையாளம்.
நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு சில்லு:
தெருக்கள், தெருக்கள்,
யாரும் குடிவராத மாநகரம்.
ஒரு தூசி விழுந்தால் அங்கே ஊழி.
நான் அவர்கள் வானத்தில் தெரியும் கண்.
இரவுக்கு நாலாயிரம் உலகம் பார்த்து
இருபத்தொன்றை அழிக்கிறேன்.

ஒன்பதாவது கதையில்
ஒளியின் வேகத்தில் போனவள் திரும்பி வருகிறாள்.
அவளுக்கு இரண்டே வருடம் ஆகியிருக்கிறது.
வரவேற்க நிற்கும் கிழவி அவள் பெற்ற மகள்.
ஓரத்தில் பென்சில்: நம்பமுடியாது.

பென்சில்காரரே,
பதினொரு வருடமாக எனக்கு இரவு ஷிப்ட்.
நான் வரும்போது தர்ஷிகா பள்ளிக்குப் போயிருப்பாள்,
அவள் வரும்போது நான் தூக்கம்,
எழுந்தால் அவள் டியூஷனில்.
ஓய்வு நாளில் ஓவர்டைம்.
குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டுவோம்.
‘கணக்குப் புத்தகத்துக்கு இருபத்திரண்டு வெள்ளி.’
பணத்தைச் செருகி வைப்பேன்.
மறுநாள்: ‘கிடைத்தது.’
கேள்வி போய்ப் பதில் வர ஒரு பகல், ஓர் இரவு.
அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்,
பக்கத்து அறையில்.

நேற்று மூன்று பத்துக்கு மின்சாரம் போனது.
இயந்திரங்கள் எல்லாம் ஒரேயடியாக மூச்சை நிறுத்தின.
அந்தச் சத்தமில்லாமையை இதுவரை கேட்டதில்லை,
பிம்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால்
சமையலறை விளக்கடியில் ஒரு நெடிய பெண்,
என் பழைய சட்டையில்,
குளிர்பெட்டியில் தாளை வைத்து எழுதுகிறாள்.
எஸ்.பி.எம். வருடம், இப்படித்தான் விழித்திருப்பாள் போலிருக்கிறது.
எனக்குத் தெரியாது.

முதன்முதலில் சந்திக்கும் உயிரோடு
என்ன பேசுவது என்று
கதைகளில் பக்கம் பக்கமாக யோசிப்பார்கள்.

‘ஷிப்ட் இல்லையா?’ என்றாள்.
‘கரண்டு இல்லை.’
என் மூக்கில் முகமூடி பதிந்த கோட்டைப் பார்த்தாள்,
இத்தனை அருகில் பார்த்ததில்லை போல.
‘தண்ணி குடிக்கிறியாம்மா?’

மூன்று குவளை குடித்தேன்.
பார்த்துக்கொண்டே நின்றாள்.
பாதி எழுதிய சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.
அதில் என்ன இருந்தது என்று
இன்னும் கேட்கவில்லை.